சோளக்குருத்தும் ஒரு சூட்கேஸும்

போன வாரம் கோமதிக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. கோமதி என் மகள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனி பிறந்ததும் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். கட்டிலுக்கடியில் ஒன்று கிடக்கிறதே என்று அவள் அம்மா சொல்ல, நான்தான் குனிந்து இழுத்தேன். நீல நிற சூட்கேஸ். இரண்டு பூட்டில் ஒன்றுதான் வேலை செய்யும். மூடியைத் திறந்ததும் கோமதி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யப்பா, பாச்சா உருண்டை வாடையும் ஆட்டு வாடையும் சேந்து அடிக்குது. இதத் தூக்கிட்டுப் போனா ஆபீஸ் வாசல்லயே நிப்பாட்டிருவாவ."

வாடை ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்குச் சக்கரம் கிடையாது. சக்கரம் இல்லாத பெட்டியை இந்தக் காலத்தில் யார் தூக்குகிறார்கள்? கோவில்பட்டியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அவளும் அவள் அம்மாவும் கிளம்பிப் போய்விட்டார்கள். நான் மூடியைச் சாத்த மனமில்லாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வாடையும் ஒரே பெட்டிக்குள் வந்த கதை கோமதிக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். அப்போது அவளுக்கு ஐந்து வயது. உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன்.

பாச்சா உருண்டை வாடை சென்னையுடையது. அங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பதினோரு வருஷம் லிஃப்ட் ஓட்டினேன். ஓட்டினேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பழைய லிஃப்டுக்கு ஒரு ஆள் வேண்டும். கிராதிக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும், எந்த மாடியில் என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டாவது மாடி பட்டுச்சேலை, மூன்றாவது மாடி பிள்ளைகள் உடுப்பு. கல்யாணத்துக்குத் துணி எடுக்க நீங்கள் அந்தப் பக்கம் வந்திருந்தால் உங்களையும் நான் மேலே கொண்டுபோய் விட்டிருப்பேன். என் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. லிஃப்டுக்குள் ஏறினவர்கள் எல்லோரும் கதவுக்கு மேலே எரிகிற நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். அதனால் தலை எண்ணுகிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. கோயிலில் தீபாராதனைக்கு நிற்கும்போதுகூட முன்னால் நிற்கிற தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன், அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். பொத்தான் பலகைக்கு மேலே ஒரு சின்ன முருகன் படம் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்கின முருகன் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கடையின் சேலைக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் அவ்வப்போது கை நிறைய பாச்சா உருண்டை கொடுப்பார். என் மனைவி முத்துலட்சுமி அதைக் கொண்டுபோய் நீல சூட்கேஸுக்குள் போடுவாள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை, பீரோ கிடையாது. அந்த சூட்கேஸ்தான் பீரோ.

பிறகு கடையில் புது லிஃப்ட் வந்தது. ஏறுகிறவர்களே பொத்தானை அமுக்கிக்கொண்டார்கள். முதலாளி நல்ல மனிதர், என்னை அனுப்பவில்லை. வாசலில் நின்று 'வாங்க வாங்க' என்று கும்பிடுகிற வேலை கொடுத்தார். கும்பிடுவது எனக்குப் புதுசு இல்லை. ஆனால் கும்பிட்ட கை வலித்தது அப்போதுதான். அந்த வருஷம் அப்பா காலமானார். இடைசெவலுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றும், பாதி உடைமுள் அடைந்துபோன இரண்டரை ஏக்கர் கரிசலும் எனக்கு வந்தன. காரியம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிரே ஒரு ஆட்டுமந்தை ரோட்டைக் கடந்தது. பஸ்ஸே நின்று வழிவிட்டது. எனக்கு அது என்னவோ பண்ணிவிட்டது. பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினேன், ஆடு வளர்த்து ஊரிலேயே இருந்துவிடுவது என்று.

எங்கள் குடும்பம் கடை வைத்துப் பிழைத்த குடும்பம். ஆடு என்றால் கோயில் கொடை விழாவுக்கு வெட்டுவது, அவ்வளவுதான் தெரியும். இதை என்னைவிட நன்றாக அறிந்தவள் முத்துலட்சுமி. அவள் சண்டை போடவில்லை. ஒரே ஒரு பேச்சுதான் சொன்னாள்.

"அடுத்த ஆடி அமாவாசை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இங்கன கால் ஊனலன்னா, ஏன் எதுக்குன்னு கேக்காம எங்கூட ரயிலேறிரணும்."

சரி என்று தலையாட்டினேன். ஊருக்கு வந்து சாமான்களை எல்லாம் பிரித்து அடுக்கினாள். சூட்கேஸை மட்டும் பிரிக்கவில்லை. நல்ல சேலைகள், கோமதியின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துக் காகிதங்கள் எல்லாவற்றோடும் பூட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். பெருக்கும்போது வெளியே இழுப்பாள், பெருக்கி முடித்ததும் உள்ளே தள்ளுவாள். சிமென்டுத் தரையில் அது உரசுகிற சத்தம் கேட்டாலே ஆடி அமாவாசைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று என் மனசு எண்ணத் தொடங்கிவிடும்.

எட்டயபுரம் சந்தையில் பதினாறு ஆடு பிடித்தேன். எல்லாம் கன்னி ஆடு, எங்கள் பக்கத்து இனம். உடம்பு கறுப்பு, முகத்தில் கொம்படியிலிருந்து மூக்குவரை இரண்டு வெள்ளைக் கோடு. பதினாறு எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டு லிஃப்ட் ஆள், எண்ணுவதற்குத் தோது. அந்தியில் பட்டிக் கதவருகில் நின்று எட்டு, இன்னொரு எட்டு என்று எண்ணி உள்ளே விடுவேன். முன்னால் போகிற ஆட்டுக்குக் கோமதி 'டீச்சர்' என்று பேர் வைத்தாள். அது எங்கே போனாலும் மற்றவை வரிசையாகப் பின்னால் போகும், வரிசை கலைந்தால் நின்று திரும்பிப் பார்க்கும். பேர் பொருத்தமாகத்தான் இருந்தது.

இனி மாடத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்துக்குக் கிழக்கே செம்மறி மேய்க்கிறவள். என் வயதுதான் இருக்கும். நாங்கள் ஊரில் இல்லாத காலத்தில் அவள் செம்மறிகள் எங்கள் தரிசில்தான் மேயும். நான் வந்ததும் செய்த முதல் வேலை, உடைமுள்ளை வெட்டி நிலத்தைச் சுற்றி வேலி போட்டது. அவள் தொரட்டிக் கம்பை ஊன்றிக்கொண்டு நான் முள் அடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பட்டா உங்களுதுதான் அண்ணாச்சி. புல்லுக்கு அது தெரியுமான்னு கேட்டுக்கிடுங்க" என்றாள்.

நான் அடுத்த முள்ளை எடுத்து அடைத்தேன். என் பழைய வேலையைப் பற்றி ஊரில் கேள்விப்பட்ட பிறகு அவள் வாய் இன்னும் நீண்டது. மிஷின் பெட்டிக்குள் பதினோரு வருஷம் மேலேயும் கீழேயும் போய்வந்த மனுசனுக்கு நேரே நடக்கவே ஒரு வருஷம் ஆகும் என்று, எனக்குக் கேட்கும்படியாகவே, தன் செம்மறிகளிடம் சொல்லுவாள். செம்மறிகளும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல நிற்கும். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

ஐப்பசி மழைக்குத் தீவனத்துக்காகச் சோளம் விதைத்து மாசியில் அறுத்தேன். அடிக்கட்டை அப்படியே நிலத்தில் நின்றது. பங்குனிக்குள் சோளத்தட்டை தீர்ந்துவிட்டது. சித்திரையில் கரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. ஆடுகள் உடைமரத்தடியில் விழுந்த நெற்றுகளைப் பொறுக்கித் தின்றன, வேப்பங்குழையும் எட்டுகிற உயரத்தில் தீர்ந்துவிட்டது. எலும்பு தெரிந்தது. டீச்சர் வேறு இரண்டு குட்டி போட்டிருந்தது. பிறந்து மூன்று வாரம், மடியில் பால் இல்லை. கட்டிலுக்கடியில் சூட்கேஸ் உரசுகிற சத்தம் அந்த மாதம் எனக்குக் கூடுதலாகக் கேட்டது.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கழுகுமலைக்கு நடந்துபோய் முருகனிடம் முறையிட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை, பச்சை கொடு என்று மட்டும் கேட்டேன். திரும்பி வந்த மூன்றாம் நாள் ஒரு மழை. பெரிய மழை இல்லை, மண்வாசனை கிளம்புகிற அளவுக்குப் பெய்து நின்றுவிட்டது. அதன்பிறகு மறுபடி வெயில். ஆனால் அறுத்த சோளக்கட்டைகளில் எல்லாம் குருத்து வெடித்தது. சுற்றிலும் காய்ந்து கறுத்துக் கிடக்க, என் நிலம் மட்டும் ஒரு முழ உயரத்துக்குக் கரும்பச்சையாக நிற்கிறது. வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கேட்டேன், கொடுத்துவிட்டான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மாடத்தி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அன்றைக்குப் பரிகாசம் எதுவும் பேசவில்லை.

"அண்ணாச்சி, இதுக்குள்ள ஆட்ட விட்டுராதீய. வெயில் காய்ச்சல்ல வெடிச்ச சோளக்குருத்து பொல்லாதது. நல்ல மழை ரெண்டு பெஞ்சு வளந்து பூட்டை தள்ளி, கதிரு வந்தப்புறம் விடுங்க."

நான் அவளைப் பார்த்தேன், அவளுக்குப் பின்னால் ஒட்டிய வயிற்றோடு நின்ற செம்மறிகளையும் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நான் விடாமல் வைத்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிரித்து யார் ஆடு மேயும் என்று எனக்குத் தெரியாதா? முருகன் எனக்கென்று கொடுத்ததைப் பொல்லாதது என்று சொல்ல இவள் யார்? சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முருகனுக்கு உகந்த நாள். குளித்துத் திருநீறு பூசி, வரப்பில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தேன். சென்னைக் கடையில் புது மாடி திறக்கும்போது அப்படித்தான் செய்வார்கள். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பிறகு ஆடுகளை உள்ளே விட்டேன். டீச்சர்தான் முதலில் போனது. பசித்த ஆடு தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தலையே நிமிராது. நான் கையைக் கட்டிக்கொண்டு, சாமி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பீடி புகைக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. டீச்சர் தலையைத் தூக்கியது. வாயில் நுரை. காலை அகட்டி வைத்து மூச்சுக்கு இழுத்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு தள்ளாடின. வெயில் கிறுக்கு என்று நினைத்து, தொட்டிப் பக்கம் ஓட்டித் தண்ணீர் காட்டுவோம் என்று டீச்சரின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன்.

"தண்ணி காட்டாதீய! தண்ணி காட்டாதீய அண்ணாச்சி!"

கிழக்கேயிருந்து மாடத்தி ஓடி வந்துகொண்டிருந்தாள். வேலியைச் சுற்றி வர நேரமில்லை. தொரட்டியை முள்ளில் மாட்டி ஒரே இழுப்பில் வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். தின்றுகொண்டிருந்த ஆடுகளைக் கம்பால் அடித்து வெளியே விரட்டினாள். என்னைப் பார்த்து, "நிக்கியளே, கருப்பட்டி இருந்தா கொண்டாங்க" என்றாள். வீட்டுக்கு ஓடினேன். நான் சொன்னதில் பாதி முத்துலட்சுமிக்குப் புரிந்திருக்காது. ஆனால் கருப்பட்டியை இடித்துக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு என்னோடு ஓடி வந்துவிட்டாள். மாடத்தி வாயைப் பிளந்து பிடிக்க, முத்துலட்சுமி ஊற்ற, நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். யாரோ போன் பண்ணி ஆட்டு டாக்டர் பைக்கில் வந்து சேர்ந்து ஊசி போட்டார். குருத்தில் விஷம், பச்சை எவ்வளவு இளசோ அவ்வளவு கடுமை, தண்ணீர் காட்டினால் வேகமாக ஏறும் என்று அவரும் சொன்னார்.

பதின்மூன்று பிழைத்தன. மூன்று போய்விட்டன. டீச்சர் டாக்டர் வருவதற்கு முன்பே போய்விட்டது. முதலில் போய் அதிகம் தின்றது அதுதானே.

குழி தோண்டி மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோமதி பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு வந்து விஷயம் தெரிந்து அழுது, அழுத களைப்பில் அம்மா மடியில் படுத்திருந்தாள். மூங்கில் கூடைக்குள் டீச்சரின் குட்டிகள் இரண்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. நான் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன், ஆடி வரைக்கும் இருக்க வேண்டாம், மிச்சத்தை விற்றுவிட்டுப் போய்விடலாம், வாசலில் நின்று கும்பிடுகிற வேலை இன்னும் இருக்கும் என்று.

அவள் கோமதியின் தலையைக் கோதினாள். பிறகு, "அந்தப் பொட்டிய வெளிய இழுங்க" என்றாள்.

இழுத்தேன். அந்தச் சத்தத்தை அன்றைக்குக் கேட்டதுபோல என்றைக்கும் கேட்டதில்லை. அவள் கோமதியைக் கீழே கிடத்திவிட்டு வந்து பூட்டைத் திறந்தாள். பாச்சா உருண்டை வாடை அறை முழுவதும் பரவியது. சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். அடியில் ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துப் பிரித்தாள். கோமதி பால் குடித்த பாட்டில். இரண்டு ரப்பரோடு பத்திரமாக இருந்தது. எதற்காக அத்தனை வருஷம் அதை எடுத்து வைத்திருந்தாள் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கோமதிக்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

வேறொரு ஆட்டில் கொஞ்சம் பால் பீச்சிக்கொண்டு வந்தாள். குட்டி வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாடை. வெந்நீரிலும் சாம்பலிலும் மூன்று தடவை கழுவினாள். நாலாம் தடவை குடித்தது. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "இது எம் பாட்டிலு, நாந்தான் குடுப்பேன்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

முத்துலட்சுமி என்னைப் பார்த்து, "காலைல மாடத்தி வீட்டுக்குப் போயிட்டு வாங்க. வேலிய மறுபடி அடைக்கணுமான்னு அவளையே கேளுங்க" என்றாள்.

போனேன். வேலியை அடைக்கவில்லை. அவள் பிரித்த இடத்தில் ஒரு பாதை விழுந்தது. அந்த வழியாக அவள் செம்மறியும் என் வெள்ளாடும் போகும் வரும். என்னைப் பரிகாசம் பண்ணுவதை மட்டும் அவள் விடவில்லை. தேங்காய் உடைத்து ஆட்டுக்கு விஷம் வைத்த கதையைப் போகிற வருகிற எல்லோரிடமும் சொன்னாள். அதுவும் நியாயம்தான். ஆடி அமாவாசை வந்தது. முத்துலட்சுமி தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போய்வந்தாள். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சேலைகள் கொடிக்குப் போயின. காலியான சூட்கேஸுக்குள் ஆட்டு மருந்து, கழுத்து மணி, கயிறு, பால் பாட்டில் எல்லாம் வந்து சேர்ந்தன. இப்படித்தான் இரண்டாவது வாடை அதற்குள் ஏறியது.

முருகன் அன்றைக்கு என்ன நினைத்தான் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். எனக்குப் படிப்பு அதிகம் இல்லை, பெரியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். அவன் மழை கொடுத்தான், குருத்து கொடுத்தான், அதுக்குள்ள விடாதீய என்று ஒரு குரலும் கொடுத்தான். எனக்குப் பிடித்த இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு மூன்றாவதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் கழுகுமலைக்கு நடந்து போகிறேன். இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

டீச்சர் குட்டிகளின் வழி வந்த ஆடுகள் இன்னும் என் பட்டியில் நிற்கின்றன. முகத்தில் அதே இரண்டு கோடு. ஆனால் சோளம் இந்தப் பக்கம் அனேகமாகப் போய்விட்டது. எல்லோரும் மக்காச்சோளம் போடுகிறார்கள், நானும்தான். மாடத்தி செம்மறிகளைக் கொடுத்துவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. அங்கே நாலாவது மாடியில் வீடாம். போன புதிதில் ஒரு நாள் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, இந்த மிஷின் பொட்டிக்குள்ள ஏறவே பயமா இருக்கு. கதவு தானாச் சாத்துது. எப்படி ஏறணும்னு சொல்லுங்க."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னேன். கதவு திறந்ததும் தயங்காமல் ஏறு, நாலு என்று போட்டதை அமுக்கு, பயமாக இருந்தால் மேலே எரிகிற நம்பரையே பார்த்துக்கொண்டு நில், கூட்டமாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் போ என்று. இவ்வளவு வருஷத்தில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். அடுத்த வாரம் கோமதியிடமும் இதுபோல ஏதாவது சொல்லலாம் என்று பார்க்கிறேன். ஆனால் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மாடத்தி செம்மறி மேய்த்த கிழக்குக் காட்டில் இப்போது சூரிய ஒளித் தகடுகள் நிற்கின்றன. சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி. தொரட்டி மாட்டி இழுத்தால் வருகிற வேலி இல்லை அது. வேலி பிரிந்து விழுந்த எங்கள் பாதை அந்தக் கம்பியில் போய் முட்டி நிற்கிறது.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சின்ன மழை. நேற்றுக் காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். வரப்போரத்தில் எங்கிருந்தோ விழுந்து முளைத்த சோளம் கொஞ்சம், முழ உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. ஆடுகளைத் தடுத்து நிறுத்தினேன். பழக்க தோஷம், கிழக்கே திரும்பி ஒரு நிமிஷம் நின்றேன். தகடுகள் கண் கூசும்படி வெயிலில் பளபளத்தன. அங்கேயிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. விடாதீய என்று நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஆடுகளைத் திருப்பினேன்.